டப்பா மாத்தினதும் குரூப் விரிஞ்சுருச்சு: பெல்லட் குத்தமா, பிஸ்டல் குத்தமா?

ஒத்தக்கடை_10மீ எழுதியது:

வணக்கம். 10 மீட்டர் ஏர் பிஸ்டல், 4.5 மி.மீ., காற்று சிலிண்டர் வகை. செகண்ட் ஹேண்டா வாங்கினது, வயசு எட்டு இருக்கும். கிளப்பில் நாள் போக மீதி நாள் மொட்டை மாடியில் பயிற்சி.

பழைய டப்பாவில் ஈயப் பெல்லட் ஒண்ணு 0.49 கிராம், தலை விட்டம் 4.50 மி.மீ. அது தீர்ந்துபோய் இப்போ ஓடுறது 0.53 கிராம், தலை 4.49. ரெண்டுமே தட்டைத் தலை மேட்ச் பெல்லட்தான், 500 எண்ணிக்கை டப்பா. மணல் மூட்டையில் வச்சு பத்து சுட்டா பழசில் துளைக் கூட்டம், அதாவது குரூப், வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு 8 மி.மீ. வந்தது. புதுசில் 14. ஏழெட்டு ஒண்ணா விழுது, கடைசி ரெண்டு மட்டும் கீழே இறங்குது, அதுவும் கொஞ்சம் இடது பக்கம் சாஞ்சு. சுட்டு முடிச்சப்ப கேஜ் 90 பார் காட்டுச்சு. காத்து அடிக்கிறது கைப் பம்பில்.

இன்னொண்ணு, ஐப்பசியில் வாங்கி மர அலமாரியில் வச்சிருந்த வேறொரு டப்பாவைத் திறந்தா பெல்லட் மேல வெள்ளையா பூத்திருக்கு. அதைக் கழுவி சுடலாமா?

ஒவ்வொரு பெல்லட்டையும் எடை போட்டுப் பிரிச்சா பலன் இருக்குன்னு ஒருத்தர் சொல்றார். மதுரை தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் நகைக்கடைக்காரங்க வச்சிருக்கிற மாதிரி மில்லிகிராம் தராசு ஒண்ணு வாங்கலாமான்னு யோசனை. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

-----

வாட்கட்டர்_வாத்தியார்:

தம்பி, தராசு வாங்குற காசுக்கு ரெண்டு டப்பா நல்ல பெல்லட் வாங்கிக்கங்க. ஏன்னு கணக்குப் போட்டுக் காட்டுறேன்.

இந்த வகை பிஸ்டல் விநாடிக்கு 150 மீட்டர் வாக்கில் சுடும். 10 மீட்டர் போக 0.067 விநாடி. காற்றுத் தடையை விட்டுட்டா அந்த நேரத்தில் குண்டு விழுற தூரம் 22 மி.மீ. ஒரே டப்பாவில் ஒரு பெல்லட் 0.49, இன்னொண்ணு 0.50 கிராம்னு வச்சுக்கங்க. எடையில் ரெண்டு சதவீத வித்தியாசம், வேகத்தில் ஒரு சதவீதம், விழுற தூரத்தில் திரும்ப ரெண்டு சதவீதம். ஆக மொத்தம் அரை மி.மீ.கூட வரல. மேட்ச் டப்பாவில் 10 மில்லிகிராம் வித்தியாசமே அபூர்வம். தலை நசுங்கினதையும், பாவாடை, அதாவது பின்பக்க மெல்லிய விளிம்பு, வளைஞ்சதையும் கழிச்சாப் போதும். அதைக் கண்ணாலயே பாத்துடலாம்.

இலக்குத் தாள் வட்டங்களோட விட்டத்தையும் சேத்துப் பாருங்க. பத்து வட்டம் 11.5 மி.மீ. ஒன்பது 27.5, எட்டு 43.5, ஏழு 59.5, அதுதான் கறுப்போட விளிம்பு. கோட்டைத் தொட்டாலே மேல் மதிப்பெண். அதனால் குண்டோட மையம் இலக்கு மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள்ள விழுந்தா பத்து, 16 மி.மீ.க்குள்ள ஒன்பது. குரூப் 8 மி.மீ.ன்னா, துளை அகலத்தைக் கழிச்சதும் மையத்துக்கு மையம் மூணரைதான். அந்தப் பெல்லட் உங்க பத்தை ஒன்பதா ஆக்குறது கோட்டோரத்தில் மட்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மனு பாக்கர் எடுத்தது 600க்கு 580. அந்த உயரத்தில் பெல்லட் ஒரு மதிப்பெண், ரெண்டு மதிப்பெண் கூட்டும் குறைக்கும். 530ல் இருக்கிறவருக்கு மணிக்கட்டும் ஆள்காட்டி விரலும்தான் பேசும்.

ஆனா உங்க 14 மி.மீ. கை விஷயம் இல்ல. மூட்டையில் வச்சு சுட்டதில் ஏழெட்டு ஒண்ணா விழுந்து கடைசி ரெண்டு கீழே போனா, வேகம் குறைஞ்சிருக்கு. 150 மீட்டர் வேகம் 137க்கு இறங்கினா விழுற தூரம் 22லிருந்து 26 ஆகும். நாலு மி.மீ. தாழ்வு. இது பெல்லட் குத்தம் மாதிரித் தெரியல, காத்துப் பக்கம் பாருங்க. அதை நம்ம ஓ-ரிங் அண்ணன் சொல்வார்.

இப்போ பெல்லட் விஷயம். தட்டைத் தலை ஏன்னா தாளில் சுத்தமா வட்டம் வெட்டுறதுக்கு. வாட்கட்டர்னு பேர் வந்ததே வெட்டுறதால. கூர்தலை பெல்லட் தாளைக் குத்திக் கிழிக்கும், துளை நிஜ அளவைவிடச் சுருங்கும், விளிம்பில் விழுந்தா மதிப்பெண் தகராறு. பத்து மீட்டரில் தட்டைத் தலையோட காற்றுத் தடை ஒரு பொருட்டே இல்ல. இருபத்தஞ்சு மீட்டருக்கு மேல போனாத்தான் அது ஆடும்.

எடையில் நான் பிஸ்டலுக்குச் சொல்றது 0.45லிருந்து 0.49. 0.53 பொதுவா ரைஃபிளுக்குன்னு வர்றது. ஒரே காத்து சக்தி, அதாவது அஞ்சரை ஜூல்னு வச்சுக்கிட்டா 0.45 கிராம் 156 மீட்டர் வேகத்தில் போகும், 0.53 கிராம் 144ல். கனமானது பேரலுக்குள்ள கொஞ்சம் கூடுதல் நேரம் நிக்கும், விரலோட அசைவு அத்தனை நேரமும் குண்டை ஆட்டும். கூடவே 0.45க்கும் 0.53க்கும் விழுற இடம் மூணரை மி.மீ. மாறும். எடை மாத்தினா சைட்டை, அதாவது குறி பாக்கிற அமைப்பை, திருத்தியே ஆகணும். உங்க 0.53ஐ தூக்கி எறிய வேண்டாம், டிரிகர் பயிற்சிக்கு வச்சுக்கங்க.

தலை அளவு 4.48, 4.49, 4.50, 4.51ன்னு வரும். எது சரின்னு பேரல்தான் சொல்லணும், டப்பா சொல்லாது. சோதிக்கிற விதம்:

பிஸ்டலை வைஸில் பிடிங்க, தாடைக்கு ரப்பர் வச்சு, சட்டத்தில் பிடிக்கணும், பேரலிலோ சிலிண்டரிலோ பிடிக்கக் கூடாது. வைஸ் இல்லன்னா மூட்டைதான், ஆனா ஒவ்வொரு சுடலுக்கும் அதே இடத்தில் உக்காரணும். சிலிண்டர் 150 பாருக்கு மேல. பெல்லட் வகை மாத்தின உடனே அஞ்சு குண்டு கணக்கில் சேக்காம சுட்டுத் தள்ளுங்க, பேரலில் படிஞ்ச பழைய ஈயம் மாற அத்தனை தேவை. அப்புறம் பத்து குண்டு ஒரு தாளில். அடுத்த வகை பத்து. ஒவ்வொண்ணுக்கும் இப்படி மூணு குரூப். வரிசையை ஒண்ணு ரெண்டு மூணு, மூணு ரெண்டு ஒண்ணு, திரும்ப ஒண்ணு ரெண்டு மூணுன்னு போங்க. அப்பத்தான் நேரம் போகப் போகக் கூடுற சோர்வும் வெயிலும் ஒரு வகை மேலேயே விழாது.

அஞ்சு குண்டு குரூப்பை நம்பாதீங்க. அதே பெல்லட் ஒரு தரம் 6 காட்டும், அடுத்த தரம் 9 காட்டும். எண்ணிக்கை கூடக் கூட குரூப் விரியத்தான் செய்யும், அதனால பத்தைப் பத்தோடதான் ஒப்பிடணும்.

அளக்கிறதுக்கு வெர்னியர் போதும். வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு எடுத்து, அதே தாளில் தனியா விழுந்த ஒரு துளையோட அகலத்தைக் கழிங்க. நேரா 4.5ஐக் கழிச்சா தப்பு வரும், தாளைப் பொறுத்துத் துளை கொஞ்சம் சுருங்கும். டீக்கடை பில் மாதிரி மெல்லிசுத் தாளில் சோதனை வேண்டாம், கிழிசலை அளந்துக்கிட்டு இருப்பீங்க. இலக்கு அட்டை, பின்னாடி இன்னொரு அட்டை.

மொட்டை மாடின்னு சொன்னீங்க. ஆடிக் காத்தில் இந்தச் சோதனையே செய்யாதீங்க. அரை கிராம் பெல்லட், பக்கக் காத்து விட்டு விட்டு வந்தா எது காத்து எது பேரல்னு பிரிக்க முடியாது. ஹாலில் 10 மீட்டர் கிடைக்கலன்னா கிளப்பிலயே முடிங்க.

கடைசியா, டப்பாவில் அச்சடிச்சிருக்கிற பேட்ச் எண்ணை, அதாவது தயாரிப்புத் தொகுதி எண்ணை, கிழிச்சு வச்சுக்கங்க. பிடிச்ச பேட்சில் ஒரே தரமா அஞ்சாறு டப்பா எடுக்கிறதுதான் லாபம். அதே பேர், அதே தலை அளவு, வேற பேட்ச்னா அது வேற பெல்லட்.

-----

ஓரிங்_அண்ணன்:

வாத்தியார் சொன்னது சரி. உங்க கோளாறு 90 பாரில் இருக்கு தம்பி.

சிலிண்டரில் 200 பார் அடிக்கிறோம். உள்ள ரெகுலேட்டர் அதைக் குறைஞ்ச, மாறாத ஓர் அழுத்தமா மாத்தி அறைக்கு விடுது. சிலிண்டர் அழுத்தம் அந்த அமைப்புக்கு மேல இருக்கிற வரை ஒவ்வொரு சுடலும் ஒரே வேகம். கீழே இறங்கிட்டா ரெகுலேட்டர் சும்மா திறந்தே கிடக்கும், ஒவ்வொரு சுடலுக்கும் வேகம் படி இறங்கும். எந்த பாரில் இறங்க ஆரம்பிக்குதுன்னு பிஸ்டலுக்குப் பிஸ்டல் மாறும். எட்டு வருசப் பிஸ்டலில் கையேட்டு எண்ணை மட்டும் நம்பாம நீங்களே கண்டுபிடிங்க. கிளப்பில் குண்டு வேகம் அளக்கிற குரோனோகிராஃப் இருந்தா 180லிருந்து ஒரே மூச்சா சுட்டுக்கிட்டே வேகத்தையும் கேஜையும் எழுதுங்க. எங்க வேகம் மூணு மீட்டருக்கு மேல சரியுதோ அதுக்கு 15 பார் மேல கோடு போட்டுக்கங்க. அதுக்குக் கீழ போட்டியிலும் சோதனையிலும் சுடக் கூடாது. போட்டி 60 குண்டு, அதுக்கு முன்னால 15 நிமிசம் தயாரிப்பும் சைட்டிங்கும். இதெல்லாம் சேத்து ஒரு சிலிண்டர் தாங்குதான்னு வீட்டிலயே பாத்துடணும்.

குரோனோ இல்லையா? டிஷ்யூ தாள் ஒரு விரல் அகலத்துக்குக் கிழிங்க. பெல்லட் போட்டு மூடினதும் அந்தக் கீற்றை பேரலோட பின்முனையும் மூடியும் சேர்ற இடத்து மேல வைங்க. முனையை இலக்குப் பெட்டிக்குக் காட்டிச் சுடுங்க. தாள் அசையாம கிடந்தா சீல் நல்லாருக்கு. துடிச்சுதுன்னா அங்க காத்து வெளியேறுது. குதிச்சுப் பறந்தா அங்க காத்தை அடைக்கிற வளையம், அந்த ஓ-ரிங், செத்துப்போச்சு. பின்னாடி கசிவு இருந்தா வேகம் குறையுறது மட்டுமில்ல, சுடலுக்குச் சுடல் மாறும். அதுதான் குரூப்பை மேலயும் கீழயும் இழுக்கும்.

ரிங் மாத்தும்போது பழசை ஊசியால தோண்டாதீங்க, பள்ளத்தில் கீறல் விழுந்தா புது ரிங்கும் கசியும். பல் குத்துற மரக்குச்சி போதும். உள் விட்டமும் தடிமனும் வெர்னியரில் எடுத்துக்கிட்டு ஹைட்ராலிக் சீல் விக்கிற கடைக்குப் போங்க. பழசு அமுங்கித் தட்டையாயிருக்கும், தடிமன் குறைச்சு காட்டும், அதனால கையேட்டில் அளவு இருந்தா அதையே எடுங்க. கறுப்பு நைட்ரைல் சீக்கிரம் தேயும், பாலியூரித்தேன் 90 கடினம் கிடைச்சா அது நிக்கும். மாட்டும்போது சிலிகோன் கிரீஸ் நெல்லளவு, துடைச்சு எடுத்தது போக மிச்சம். சைக்கிள் ஆயில், தையல் மெஷின் ஆயில், எஞ்சின் கிரீஸ் எதுவும் அழுத்தக் காத்துப் பக்கம் போகவே கூடாது. எண்ணெய் ஆவி 200 பார் காத்தோட சேந்தா பத்திக்கும். வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கு, அதில் நிரப்பிக்கலாம்னு எவனாவது யோசனை சொன்னா அவன் பக்கத்திலேயே நிக்காதீங்க. ஆக்சிஜனும் எண்ணெயும் சேந்தா வெடிதான்.

கைப் பம்பு பத்தி. நம்ம ஊர் காத்தில் மழைக்காலத்தில் ஈரம் அதிகம். அதை 200 மடங்கு அமுக்கினா தண்ணியா வழியும். அந்தத் தண்ணி சிலிண்டருக்குள்ள துரு, ரெகுலேட்டருக்குள்ள வெள்ளைப் பொடி. பம்போட அடியில் ஈரம் உறிஞ்சுற மணி வச்ச ஃபில்டர் போடுங்க, மணி நிறம் மாறினா மாத்துங்க. நாப்பது அம்பது தரம் அடிச்சதும் நிறுத்தி, வடிகால் திருகைத் திறந்து விடுங்க, பம்பு ஆற பத்து நிமிசம். ஒரே மூச்சா 200க்கு ஏத்தினா சூடு ஏறி கேஜ் பொய் சொல்லும், ஆறினதும் 185ல நிக்கும்.

வெயில் இருக்கே, அதைச் சொல்லணும். கத்திரியில் பூட்டின காருக்குள்ள சூடு 60 பாகை தாண்டும். 27 பாகையில் 200 பார் நிரப்பினது 67 பாகையில் 227 பார். வாடிப்பட்டியிலிருந்து ரேஸ் கோர்ஸ் ஸ்டேடியம் வர்ற வழியில் டிபன் சாப்பிட நிறுத்தினா பையைத் தோளில் போட்டுக்கிட்டு இறங்குங்க. சிலிண்டர் மேல தேதி குத்தியிருக்கும். செஞ்சு பத்து வருசம் ஆனா மாத்தணும். உங்களுது எட்டு வருசம், இப்பவே பாத்துக்கங்க. செகண்ட் ஹேண்டா வாங்கினதில் இதைத்தான் முதலில் பாக்கணும், பேரலை இல்ல.

-----

மேலூர்_பழகுநர்:

குறுக்க கேக்குறேன், மன்னிக்கவும். வெளிநாட்டுக்காரங்க காணொளியில் ஈயத்தை உருக்கி பாதித் தட்டைத் தலை குண்டு வார்த்து, தாங்களே தோட்டா கட்டி அரைத் தானியங்கி பிஸ்டலில் சுடுறாங்க. அது ஏன் ஏர் பிஸ்டலில் மாதிரி முழுத் தட்டையா இல்ல? நம்ம ஊரில் அப்படிச் செய்யலாமா?

-----

வாட்கட்டர்_வாத்தியார்:

@மேலூர்_பழகுநர்

ரெண்டாவது கேள்விக்கு முதல் பதில். 1959 ஆயுதச் சட்டம் 5வது பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கக் கூடாது. வீட்டில் கட்டுற பேச்சே வேண்டாம். நாம சுடுற ஏர் பிஸ்டல் வேற கணக்கு, 4.5 மி.மீ.க்கு மேற்படாத துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் இருந்தா 2016 விதிகளில் லைசென்ஸ் கேக்கிறதில்ல. நம்ம பிஸ்டல் அஞ்சாறு ஜூல்தான்.

முதல் கேள்வி நல்ல கேள்வி. அரைத் தானியங்கியில் தோட்டா மேகசினிலிருந்து சரிவில் வழுக்கி அறைக்குள்ள ஏறணும். முழுத் தட்டைத் தலை குண்டு தோட்டாவுக்கு மேல துருத்திக்கிட்டு நின்னா அந்த விளிம்பு சரிவில் முட்டி நிக்கும். அதுக்குத்தான் செமி வாட்கட்டர்: முன்னால கூம்பு மாதிரி ஒடுங்கின மூக்கு, அது சரிவில் ஏறி வழி காட்டும், பின்னால கூர்மையான தோள், அது தாளில் வட்டம் வெட்டும். .45 அங்குலப் பிஸ்டல்காரங்க இலக்குப் போட்டிக்கு 200 கிரெயின் (சுமார் 13 கிராம்) எடையில் இதைத்தான் காலங்காலமா விரும்புறாங்க. அங்க வர்ற தலைவலியும் தோளால்தான். தோள் தோட்டாவோட உலோகக் கூட்டு வாய்க்கு மேல நகம் தடிமன் அளவு தெரியணும். அதிகம் தெரிஞ்சா அறைக்குள்ள முழுசா உக்காராது, உள்ள போயிட்டா மூக்கு நீளம் குறைஞ்சு சரிவில் முட்டும். கூட்டு வாயை உள்பக்கம் சுருட்டி மடிக்கவும் கூடாது, அந்தத் தோட்டா அறையில் நிக்கிறதே வாய் விளிம்பில்தான். லேசா சாய்ச்சு அமுக்கணும், அவ்வளவுதான்.

இன்னொரு வழியும் உண்டு. 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியில் .32 வாட்கட்டர் பிஸ்டல்கள் இருக்கு. அதில் குண்டு முழுத் தட்டை, ஆனா கூட்டுக்குள்ளேயே மட்டமா புதைஞ்சிருக்கும், வெளிய ஒண்ணும் துருத்தாது. மேகசினையே அதுக்காக வடிவமைச்சு அறை வாய்க்கு நேரா தூக்கி விடுறாங்க. குண்டை பிஸ்டலுக்கு ஏத்த மாதிரி மாத்தாம, பிஸ்டலைக் குண்டுக்கு ஏத்த மாதிரி செஞ்சது. பாக்க அழகான வேலை.

நம்ம ஏர் பிஸ்டலில் இந்த வம்பே இல்ல, விரலால நேரா வைக்கிறோம். அதில் வர்ற தப்பு வேற. பெல்லட்டைச் சாய்வா தள்ளினா பாவாடை ஒரு பக்கம் மடிஞ்சு, அந்த ஒரு குண்டு எட்டில் போய் விழும். தள்ளினதும் பாவாடை விளிம்பு பேரல் பின்முனையோட மட்டமா இருக்கான்னு ஒரு பார்வை.

-----

ஈயம்_கவனம்:

வெள்ளை பூத்த டப்பா பத்தி யாரும் சொல்லல.

அது ஈயக் கார்பனேட். ஈரத்தோட அசிட்டிக் அமில ஆவி சேந்தா இப்படி ஆகும். மர அலமாரி, புது பிளைவுட், காடி வாசம் அடிக்கிற கண்ணாடி சிலிகோன் பசை, எல்லாத்திலும் அந்த ஆவி வரும். ஐப்பசி கார்த்திகை ஈரம் சேந்தா கேக்கவே வேண்டாம். கழுவினா வெள்ளை போகும், ஆனா அரிச்ச இடம் குழியா நிக்கும், தலை விளிம்பு சமமா இருக்காது. கழுவுறப்ப வர்ற தண்ணியும் பொடியும் உடம்புக்கு ஆகாது. அந்த டப்பாவை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் கொட்டி மூடி, சுட்டு நசுங்கின ஈயத்தோட சேத்து பழைய இரும்புக் கடைக்கு ஈயமாவே போடுங்க. இனி இரும்பு பீரோவில், டப்பாவோட மூடிக்கு டேப் ஒட்டி, ஒரு பை சிலிக்கா ஜெல் பக்கத்தில் வச்சு வைங்க.

கைச் சுத்தம்: பெல்லட்டை வாயில் கவ்வி வச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா எடுத்துப் போடுற பழக்கம் சிலருக்கு உண்டு, அதை இன்னைக்கே விடுங்க. சுட்டு முடிச்சதும் சோப்புப் போட்டு குளிர்ந்த தண்ணியில் கழுவிட்டு அப்புறம் ஜிகர்தண்டாவோ பஜ்ஜியோ. இலக்குப் பெட்டிப் பக்கம் துடைப்பத்தால கூட்டினா ஈயத் தூசி பறக்கும், ஈரத் துணியால துடைங்க. துணியைக் குழந்தைத் துணியோட துவைக்காதீங்க.

பெட்டியில் பின்தகடு சாய்வா இருக்கணும், பெல்லட் கீழ்நோக்கித் திரும்பி விழணும். வெறும் கருங்காலி, வேப்பம் பலகை வச்சா தட்டைத் தலை ஈயம் எகிறி நேரா திரும்பி வரும். கண்ணாடி போட்டே சுடுங்க.

-----

ஒத்தக்கடை_10மீ:

நன்றி அண்ணன்களே. சொன்ன வரிசையில் பாத்தாச்சு, எண்களைப் போடுறேன்.

டிஷ்யூ கீற்று குதிச்சது. ரிங் தட்டையாகி ஒரு பக்கம் வெடிப்பு. பாலியூரித்தேன் மாத்தினதும் கீற்று அசையல. குரோனோவில் 0.49 கிராம் பத்து குண்டு 148லிருந்து 151 மீட்டர். 105 பாருக்குக் கீழ 146, 143, 141ன்னு இறங்குது. அதனால 120ல சிவப்பு மையில் கோடு போட்டாச்சு.

வைஸில் பத்து குண்டு மூணு குரூப். ஒரு துளை அகலம் கழிச்சு, 0.49 தலை 4.50: 3.1, 3.4, 2.9. அதே எடை 4.49 கடனா கிடைச்சது: 4.0, 4.4, 3.8. 0.53 தலை 4.49: 4.6, 4.1, 4.9. சிலிண்டர் தேதி பாத்தேன், இன்னும் ஒரு வருசம் ஏழு மாசம் இருக்கு.

ரெண்டு சந்தேகம். 0.53லிருந்து 0.49க்கு மாறினா சைட்டை எந்தப் பக்கம் திருப்பணும்? இடது பக்கம் சாஞ்சது எதனால, ரிங் மாத்தினப்புறமும் கையில் சுட்டா கொஞ்சம் அப்படியே இருக்கே?

-----

வாட்கட்டர்_வாத்தியார்:

4.50தான் உங்க பேரலுக்கு, சந்தேகமில்ல. 0.53 அஞ்சு மி.மீ.க்குள்ள நிக்கிறதால பயிற்சிக்கு ஒண்ணும் குறையில்ல.

0.49 வேகமா போறதால ரெண்டு மி.மீ. வாக்கில் மேல விழும். பின் சைட்டைத் தாழ்த்துங்க. எத்தனை கிளிக்னு பிஸ்டல் கையேட்டில் ஒரு கிளிக்குக்கு எத்தனை மி.மீ.ன்னு இருக்கும், அதில் வகுத்துக்கங்க. அஞ்சு குண்டு சுட்டு நடுவைப் பாத்துத் திருப்புங்க, ஒவ்வொரு குண்டுக்கும் திருகைத் தொட்டுக்கிட்டே இருக்காதீங்க.

இடது பக்கம் வைஸில் வரலன்னா பிஸ்டல் குத்தமில்ல. வலது கைக்காரர்னா விரல் நுனியை டிரிகரில் ரொம்ப ஓரமா வச்சு பக்கவாட்டில் தள்ளுறீங்க, இல்ல சுடுறப்ப உள்ளங்கையே இறுகுது. விரலின் முதல் கணுவுக்கு முன்னால இருக்கிற சதைப் பகுதியோட நடு டிரிகரில் படணும், விரலுக்கும் பிடிக்கும் நடுவில் ஒரு தாள் போற இடைவெளி வேணும். டிரிகரை அதுக்கு ஏத்த மாதிரி முன்னால பின்னால நகர்த்துங்க. டிரிகர் இழுப்பு எடை குறைஞ்சது 500 கிராம்னு விதி, பேரல் முனை மேல பாக்க எடைக் கட்டியை டிரிகரில் தொங்கவிட்டுத் தூக்கித்தான் சோதிப்பாங்க. 510, 520ல வைங்க. சரியா 500ல வச்சா வெயிலுக்கும் தேய்மானத்துக்கும் சோதனை மேசையில் நழுவிடும்.

பெல்லட்டும் காத்தும் இல்லாம டிரிகர் பழக வெறும் சுடல் பொத்தான் இருக்கில்ல, அதைப் போட்டுட்டு வெள்ளைச் சுவரைப் பாத்து அம்பது தரம். முன் சைட் அசையுற பக்கம் எதுன்னு பாருங்க. இடது பக்கம் துள்ளினா விரல், கீழ் இடதா அமுங்கினா உள்ளங்கை.

-----

ஓரிங்_அண்ணன்:

பேரலைச் சுத்தம் பண்றதை விட்டுட்டோம். ஒரு டப்பா தீந்ததும் ஒரு தரம் போதும். நூல் கயிறால இழுக்கிற வகை நல்லது, பின்முனையிலிருந்து வாய்ப்பக்கம். ஃபெல்ட் துண்டு சுடுறதா இருந்தா ரெண்டு மூணு சேத்துப் போடுங்க. எண்ணெய் வேண்டாம். முடிச்சதும் பத்து குண்டு சுட்டாத்தான் குரூப் பழைய இடத்துக்கு வரும், அதனால போட்டிக்கு முந்தின ராத்திரி சுத்தம் பண்ணாதீங்க.